புகைக் குழாயில் உயிர் வாழும் விஞ்ஞானி

திருச்சி - சென்னை நெடுஞ்சாலையில், பெரம்பலூரைத் தொட்டுக் கொண்டு இரவு பகலாகக் கார்கள் பறக்கின்றன. கிழக்கே அரியலூர்ப் பக்கமிருந்து சிமெண்ட் லாரிகள் வந்து அந்தச் சாலையில் கலக்கின்றன. வண்டிகள் அதிகம் என்றால் கோளாறுகளும் அதிகம். சாலை ஓரத்தில் மோட்டார்ப் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை.

பதினைந்து, இருபது வயதான பெட்ரோல் கார்கள் அந்தப் பட்டறைகளுக்கு ஒரே மாதிரியான புகாருடன் வருவது உண்டு. பெட்ரோல் மளமளவென்று தீர்கிறது. சைலன்சரில் கரும்புகை கிளம்புகிறது. ஓட்டுகிறவரின் கண் முன்னால் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறது, அணைய மறுக்கிறது. மெக்கானிக் ஸ்கேனரைச் செருகிப் பார்க்கிறார். "ஆக்சிஜன் சென்சார்" என்று அது காட்டுகிறது.

பார்வைக்கு அது ஸ்பார்க் பிளக்கின் அண்ணன் போல இருக்கும். சைலன்சர் குழாயில் திருகப்பட்டிருக்கும். துளைகள் போட்ட அதன் இரும்பு மூக்குக்குள், விரல் நுனி அளவுக்கு, பீங்கான் போன்ற ஒரு பொருள் ஒளிந்திருக்கும். எஞ்சின் விடும் புகையில் பிராணவாயு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கணத்துக்குக் கணம் சொல்வதுதான் அதன் வேலை.

அந்தப் பீங்கானுக்கு ஒரு கதை உண்டு. நூறு ஆண்டுகளுக்கும் முன்னால் ஒரு ஜெர்மன் பேராசிரியர் அதைக் கையில் எடுத்தார். காருக்காக அல்ல, விளக்குக்காக! விளக்கு தோற்றது. பேராசிரியரும் மறைந்தார். ஆனால் அவருடைய பீங்கான் இன்று உலகமெங்கும் கோடிக்கணக்கான கார்களின் புகைக் குழாய்களில் உயிரோடு இருக்கிறது.

அவர் பெயர் வால்தர் நெர்ன்ஸ்ட்.

நீதிபதியின் மகன்

1864-ஆம் ஆண்டு ஜூன் 25-ந் தேதி, அன்றைய பிரஷ்யாவைச் சேர்ந்த பிரீசன் என்ற சிற்றூரில் நெர்ன்ஸ்ட் பிறந்தார். அந்த ஊர் இன்று போலந்து நாட்டில் இருக்கிறது. தந்தை நீதிபதி. பையனுக்கோ கவிஞனாக வேண்டும் என்று ஆசை. பள்ளியில் ரசாயனம் குறுக்கிட்டது, கவிதை போயிற்று.

ஜூரிச், பெர்லின், கிராஸ், வூர்ஸ்பர்க் என்று நான்கு ஊர்ப் பல்கலைக் கழகங்களில் படித்தார். 1887-இல் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு லைப்சிக் நகரில் ஆஸ்ட்வால்ட் என்ற பெரும் ரசாயன அறிஞரிடம் உதவியாளராகச் சேர்ந்தார்.

அங்கேதான், 1889-இல், தம்முடைய 25-ஆவது வயதில், அவர் ஒரு சமன்பாட்டைக் கண்டு பிடித்தார். "நெர்ன்ஸ்ட் சமன்பாடு" என்று இன்று கல்லூரி மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்களே, அதுதான். அதன் சாரம் எளியது. ஒரு பொருள் ஒரு பக்கம் அதிகமாகவும் மறு பக்கம் குறைவாகவும் இருந்து, நடுவே மின்னேற்றம் பெற்ற அணுக்களை மட்டும் விடும் தடுப்பு ஒன்று இருந்தால், இரு பக்கங்களுக்கும் இடையே மின் அழுத்தம் பிறக்கும். அந்த அழுத்தத்தை அளந்தால், ஏற்றத் தாழ்வு எவ்வளவு என்று கணக்கிட்டு விடலாம்.

பெரம்பலூர்ப் பட்டறையில் மல்டி மீட்டரின் முள் ஆடுவதற்கும், கார் கம்ப்யூட்டர் பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைப்பதற்கும் ஆதாரம் அந்த ஒரு வரிக் கணக்குத்தான்.

காற்றில் எரிந்த விளக்கு

கெட்டிங்கன் நகரில் பேராசிரியர் ஆன பிறகு நெர்ன்ஸ்டின் கவனம் மின்சார விளக்கின் மீது திரும்பியது. எடிசன் காலத்துக் கரி இழை விளக்குகள் மங்கலாக எரிந்தன; மின்சாரத்தையும் நிறைய விழுங்கின. காற்றை வெளியேற்றிய கண்ணாடிக் குமிழும் அவற்றுக்கு வேண்டும்.

சிர்கோனியம் என்ற உலோகத்தின் ஆக்சைடோடு இட்ரியம் ஆக்சைடையும் கலந்து, நெர்ன்ஸ்ட் ஒரு மெல்லிய குச்சி செய்தார். குளிர்ந்த நிலையில் அதற்குள் மின்சாரம் போகாது. முதலில் சூடேற்றி விட்டால் போதும், மின்சாரம் பாயும். வெறும் காற்றிலேயே, கண்ணைப் பறிக்கும் வெள்ளை ஒளியோடு அது எரிந்தது.

1897-இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். ஏ.இ.ஜி. என்ற ஜெர்மன் மின்சாரக் கம்பெனி அதைப் பத்து லட்சம் மார்க்குக்கு வாங்கியது. 1900-ஆம் ஆண்டு பாரிஸ் பொருட்காட்சியில் நெர்ன்ஸ்ட் விளக்குகள் ஜொலித்தன. அமெரிக்காவிலும் அவை செய்யப்பட்டன.

ஆனால் அந்த ஜொலிப்பு நீடிக்கவில்லை. சுவிட்சைப் போட்டதும் அந்த விளக்கு எரியாது. சூடேறும் வரை காத்திருக்க வேண்டும். சில ஆண்டுகளில் டங்ஸ்டன் இழை விளக்கு வந்தது. அது உடனே எரிந்தது, விலையும் மலிவு. நெர்ன்ஸ்ட் விளக்கு கடைகளிலிருந்து மறைந்தது. சில ஆராய்ச்சிக் கூடங்களில் மட்டும், வெப்பக் கதிர்களை உண்டாக்கும் கருவியாக அது ஒட்டிக் கொண்டிருந்தது.

பேராசிரியருக்கு நஷ்டம் இல்லை. பணம் முன்பே கைக்கு வந்து விட்டது!

கார்ப் பைத்தியம்

1898-இல் நெர்ன்ஸ்ட் முதல் கார் வாங்கினார். வாழ்நாளில் மொத்தம் 18 கார்கள் வைத்திருந்தார். அந்தக் காலக் கார்கள் மேடு கண்டால் மூச்சு வாங்கி நின்று விடும். சும்மா இருப்பாரா ரசாயனப் பேராசிரியர்? நைட்ரஸ் ஆக்சைடு நிரப்பிய உருளை ஒன்றைக் காரில் ஏற்றினார். மேடு வந்தால் அந்த வாயுவை எஞ்சினுக்குள் செலுத்துவார். அதில் உள்ள பிராணவாயு பெட்ரோலை வேகமாக எரிக்கும். கார் மேடேறி விடும்.

எஞ்சினுக்குப் பெட்ரோல் மட்டும் போதாது. அதற்கேற்ற பிராணவாயுவும் வேண்டும் என்பதை அவர் அன்றே காரில் செய்து காட்டினார். ஆனால் தம் விளக்கில் எரிந்த பீங்கானே ஒரு நாள் அந்தப் பிராணவாயுவை அளக்கும் என்பதை அவர் கண்டாரில்லை.

பெர்லின் புகழ்

1905-இல் பெர்லின் பல்கலைக் கழகம் அவரை அழைத்தது. குடும்பத்தோடு காரிலேயே பெர்லின் போய்ச் சேர்ந்தார். அதே ஆண்டில் தமது மிகப் பெரிய கண்டுபிடிப்பை வெளியிட்டார். வெப்ப இயலின் மூன்றாம் விதி என்று அது பின்னால் பெயர் பெற்றது. குளிரின் கடைசி எல்லையை நெருங்க நெருங்கப் பொருள்கள் எப்படி நடந்து கொள்ளும் என்பதைச் சொல்லும் விதி அது.

1911-இல், சால்வே என்ற பெல்ஜியம் நாட்டுத் தொழிலதிபரைத் தூண்டி, உலகின் தலை சிறந்த பௌதிக அறிஞர்களைப் பிரஸ்ஸல்ஸ் நகரில் ஒன்று கூட்டினார். 1913-இல் மாக்ஸ் பிளாங்க்கும் இவரும் ஜூரிச்சுக்கு நேரில் போய், ஐன்ஸ்டீனைப் பெர்லினுக்கு வரச் சம்மதிக்க வைத்தார்கள்.

1920-ஆம் ஆண்டுக்கான ரசாயன நோபல் பரிசு நெர்ன்ஸ்டுக்கு வந்தது. அதற்கு அடுத்த ஆண்டு ஓர் இந்திய இளைஞர் அவருடைய ஆராய்ச்சிக் கூடத்துக்கு வந்து வேலை செய்தார். அவர்தான் நட்சத்திரங்களின் ஒளியை ஆராய்ந்து புகழ் பெற்ற மேகநாத் சாஹா.

கேட்கப்படாத எச்சரிக்கை

இந்தப் புகழுக்கு நடுவே அவர் வாழ்வில் இடி விழுந்தது. 1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. நெர்ன்ஸ்டுக்கு அப்போது வயது 50. தம் காரோடு ராணுவத்தில் தொண்டராகச் சேர்ந்தார். ராணுவ நடை அவருக்கு வரவில்லை. வீட்டு வாசலில் மனைவி எம்மாதான் அதைப் பழக்கினார்!

பிரான்சுக்குள் கார் ஓட்டிச் சென்றார். ஜெர்மன் படை பாரிசை நெருங்கியதையும், பிறகு பின் வாங்கியதையும் கண்டார். பிறகு விஷப் புகை ஆயுதங்களுக்கான ஆராய்ச்சியிலும் ஈடுபட்டார். அவர் வாழ்வில் அது ஒரு கறை. அதை மறைப்பதற்கில்லை.

அந்த ஆண்டிலேயே மூத்த மகன் போர்க்களத்தில் மாண்டான். 1917-இல் இளைய மகனும் மாண்டான். இருந்த இரண்டு ஆண் பிள்ளைகளும் போய் விட்டார்கள்.

போர் இழுத்துக் கொண்டே போயிற்று. எதிர்ப்படும் கப்பல்களையெல்லாம் நீர்மூழ்கிகளால் மூழ்கடிப்பது என்று ராணுவத் தலைவர்கள் துடித்தார்கள். அப்படிச் செய்தால் அமெரிக்கா போரில் குதிக்கும், அதன் பலத்தை ஜெர்மனியால் தாங்க முடியாது என்று நெர்ன்ஸ்ட் எச்சரித்தார். அமெரிக்காவை நேரில் பார்த்தவர் அவர். தளபதி லூடென்டார்ஃப் அதை அறியாமைப் பேச்சென்று உதறித் தள்ளினார்.

1917-இல் அமெரிக்கா போரில் குதித்தது. 1918-இல் ஜெர்மனி தோற்றது.

அளந்து பார்த்தவன் சொன்னான். அவன் சொன்னது பிடிக்கவில்லை. அவனைத் தள்ளி விட்டார்கள். கோளாறோ அப்படியே இருந்தது!

மீன் வளர்த்த பேராசிரியர்

1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். நெர்ன்ஸ்ட் நாஜிகளை வெளிப்படையாகவே வெறுத்தார். அவருடைய மூன்று பெண்களில் இருவர் யூதர்களை மணந்தவர்கள். ஒருத்தி இங்கிலாந்துக்கும் மற்றொருத்தி பிரேசிலுக்கும் குடும்பத்தோடு போய் விட்டார்கள். நெர்ன்ஸ்ட் அந்த ஆண்டே பதவியிலிருந்து ஓய்வு பெற்று, சிபெல்லே என்ற இடத்திலிருந்த தம் பண்ணைக்குப் போனார்.

அங்கே அவர் கெண்டை மீன் வளர்த்தார். அதற்கு அவர் சொன்ன காரணம் வேடிக்கையானது. மாடு வளர்த்தால் தீனியில் ஒரு பகுதி அதன் உடலைச் சூடாக வைத்திருக்கவே செலவாகும். அந்தச் சூடும் வீணாய் வெளியே போகும். மீனின் உடலோ தண்ணீரின் சூட்டிலேயே இருக்கிறது. ஆகவே மீனே சிக்கனம்! வெப்ப இயல் விதி கண்டவர் பண்ணைக் கணக்கையும் வெப்பத்தைக் கொண்டே போட்டார்.

1941-ஆம் ஆண்டு நவம்பர் 18-ந் தேதி, இரண்டாம் உலகப் போர் நடந்து கொண்டிருந்தபோது, 77-ஆவது வயதில் அவர் காலமானார். மகன்கள் மண்ணில், இரண்டு மகள்கள் கடல் கடந்து. விளக்கை உலகம் மறந்தே விட்டது. பல ஆண்டுகளுக்குப் பிறகு அவருடைய அஸ்தி கெட்டிங்கன் நகரக் கல்லறைக்குக் கொண்டு வரப்பட்டது. இன்று மாக்ஸ் பிளாங்க்கும் அதே கல்லறைத் தோட்டத்தில்தான் துயில்கிறார்.

மறு பிறவி

அவர் மறைந்து இரண்டு ஆண்டுகள் ஆயின. 1943-இல் கார்ல் வாக்னர் என்ற ஜெர்மன் அறிஞர் அந்தப் பழைய விளக்குக் குச்சியின் மர்மத்தை விடுவித்தார். இட்ரியம் கலப்பதால் சிர்கோனியா பீங்கானுக்குள் பிராணவாயு இருக்க வேண்டிய சில இடங்கள் காலியாகி விடுகின்றன. சூடேறியதும், மின்னேற்றம் பெற்ற பிராணவாயு அணுக்கள் அந்தக் காலி இடங்கள் வழியே தாவித் தாவி நகர்கின்றன. மின்சாரம் பாய்ந்தது அப்படித்தான்!

அதாவது, பிராணவாயுவை மட்டும் விடும் தடுப்பு அது. 1889-இல் எழுதிய சமன்பாட்டுக்கு, 1897-இல் செய்த விளக்கே பொருத்தமான கருவியாக இருந்தது. ஒரே மனிதரின் இரண்டு கைகளில் இருந்த இரண்டையும் ஒன்று சேர்க்கப் பல பத்தாண்டுகள் ஆயின.

பெட்ரோல் புகையின் நச்சைக் குறைக்கச் சைலன்சரில் சுத்திகரிப்பான் வைக்கும் காலம் வந்தது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடைக் கணக்கு தவறினால் அந்தச் சுத்திகரிப்பான் சரியாக வேலை செய்யாது. கணக்கைக் காவல் காக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. 1976-இல் பாஷ் கம்பெனி சிர்கோனியா சென்சாரைச் செய்து கொடுக்க, வால்வோ கார்களில் அது முதன் முதலாக ஏறியது. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டில் ஒழிந்தது. ஈயம் அந்தச் சென்சாருக்கு விஷம். அதற்குப் பிறகு இங்கேயும் அது பெருகியது.

பட்டறையில் விசாரணை

அந்தச் சென்சாரின் உள்பக்கம் வெளிக்காற்று. வெளிப்பக்கம் எஞ்சின் புகை. பெட்ரோல் அதிகமானால் புகையில் பிராணவாயு மிச்சம் இராது. சென்சார் ஏறத்தாழ 0.9 வோல்ட் காட்டும். காற்று அதிகமானால் 0.1 வோல்ட் அளவுக்கு இறங்கும். நல்ல சென்சாரின் அளவு, ஓடும் எஞ்சினில் இந்த இரண்டுக்கும் நடுவே ஓயாமல் ஏறி இறங்கும். ஒரே இடத்தில் நின்று விட்டால் சந்தேகம்.

இங்கேதான் அவசரக்காரர்கள் தவறு செய்கிறார்கள். ஸ்கேனர் சென்சாரின் பெயரைச் சொன்னதும் அதையே குற்றவாளி ஆக்கி, புதிது வாங்கி மாட்டுகிறார்கள். சில ஆயிரம் ரூபாய் போகிறது. மறுநாள் மஞ்சள் விளக்கு மீண்டும் எரிகிறது!

அனுபவப்பட்ட மெக்கானிக் முதலில் சாட்சியை விசாரிப்பார். கம்பியை எலி கடித்ததா, சூடான குழாயில் பட்டு உருகியதா என்று பார்ப்பார். சென்சாருக்கு முன்னால் சைலன்சர் குழாயில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே புகும்; சென்சார் அதையும் சேர்த்தே கணக்குச் சொல்லும். ஒரு பிளக் எரியாவிட்டாலும், பயன்படாத பிராணவாயு வெளியே வந்து, காற்று அதிகம் என்று காட்டும். இன்ஜெக்டர் ஒழுகினால், ஏர் ஃபில்டர் அடைத்தால், பெட்ரோல் அதிகம் என்று காட்டக் கூடும். இவற்றிலெல்லாம் குற்றம் சென்சாருடையது அன்று. அது உண்மையைத்தான் சொல்கிறது.

பிறகு பரீட்சை. எஞ்சின் நன்றாகச் சூடானதும் சட்டென்று ரேஸ் கொடுத்தால் அளவு 0.8 வோல்ட்டுக்கு மேல் துள்ள வேண்டும். எஞ்சின் காற்று உறிஞ்சும் சிறு ரப்பர்க் குழாய் ஒன்றைக் கழற்றினால் 0.2 வோல்ட்டுக்குக் கீழே விழ வேண்டும். இரண்டுக்கும் உடனே பதில் சொன்னால் சென்சாருக்கு உயிர் இருக்கிறது; கோளாறை வேறிடத்தில் தேட வேண்டும். பதிலே இல்லை, அல்லது மந்தமாகப் பதில் வருகிறது என்றால் சென்சாருக்கு மூப்பு வந்து விட்டது.

இன்னொரு சோதனையும் உண்டு. சுமார் 300 டிகிரிச் சூடு ஏறினால்தான் சிர்கோனியா பேசும். விளக்கைத் தோற்கடித்த அதே குறை! அதற்காகவே உள்ளே ஒரு சிறிய சூடேற்றி வைத்திருக்கிறார்கள். நான்கு கம்பிகள் உள்ள சென்சாரில் இரண்டு அதற்குரியவை. அந்த இரண்டுக்கும் இடையே மல்டி மீட்டர் சில ஓம்கள் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் சூடேற்றி அறுந்து விட்டது. சென்சாரை மாற்றத்தான் வேண்டும்.

மாற்றும் விதம்

எஞ்சின் கையைச் சுடாத அளவுக்கு வெதுவெதுப்பாக இருக்கும்போது, துரு இளக்கும் எண்ணெயை மரையில் விட்டுக் காத்திருக்க வேண்டும். கம்பி நுழைய வெட்டு விட்ட 22 மில்லி மீட்டர் சாக்கெட்டால் நிதானமாகக் கழற்ற வேண்டும். முரட்டுத்தனம் காட்டினால் குழாயின் மரையே பிடுங்கிக் கொண்டு வரும். செலவு பத்து மடங்காகும்.

புதிய சென்சாரின் மரையில் மட்டும், இறுகிப் போகாமல் தடுக்கும் பசை இருக்கலாம். மூக்கில் ஒரு பொட்டுக்கூடப் படக் கூடாது. சிலிக்கான் பசையும் ஆகாது. கீழே போட்டால் உள்ளேயிருக்கும் பீங்கான் விரிசல் விடும். பல சென்சார்கள் வெளிக்காற்றைக் கம்பியின் வழியாகவே உள்ளே இழுக்கின்றன. ஆகவே கம்பியை வெட்டி ஈயப் பற்று வைப்பதும், இணைப்பில் கிரீஸ் அடைப்பதும் அதன் மூச்சை நிறுத்தி விடும். சுமார் 40 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். கடைசியாக, கம்ப்யூட்டரில் பதிந்திருக்கும் பழைய கோளாறுக் குறிப்பை அழித்து விட்டு, காரைச் சிறிது தூரம் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

அரியலூர்ச் சூளையிலும்

பெரம்பலூரிலிருந்து கிழக்கே சென்றால் அரியலூர். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்த பூமி அது. அந்தக் கடல் விட்டுப் போன சுண்ணாம்புக் கல்லை வெட்டி, சூளையில் சுமார் 1,450 டிகிரிச் சூட்டில் வேக வைத்து சிமெண்ட் செய்கிறார்கள். சிமெண்ட் சூளைகளின் புகையிலும் பிராணவாயுவை அளந்தே தீரவேண்டும். குறைந்தால் எரிபொருள் முழுதாக எரியாது. கூடினால் சூடு வீணாகும். அங்கே பயன்படும் அளவைக் கருவிகளிலும் அந்தச் சிர்கோனியா பீங்கான் உண்டு.

தோற்றுப் போன விளக்கு இப்படி லாரி ஏற்றும் ஊரிலும், கார் பழுது பார்க்கும் ஊரிலும் வேலை செய்து கொண்டிருக்கிறது. நெர்ன்ஸ்டின் எச்சரிக்கைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அதைக் கேட்காமல் போனதற்கு ஒரு நாடே விலை கொடுத்தது.

பழைய கார் வைத்திருப்பவர் கொடுக்க வேண்டிய விலை அவ்வளவு பெரியதல்ல. மஞ்சள் விளக்கு எரிந்தால், சென்சாரைத் தூக்கி எறிவதற்கு முன் அது என்ன சொல்கிறது என்று ஒரு தடவை கேட்டுப் பார்த்தால் போதும்.